இருட்டுக்குள் போன நிருபர்

1969 ஜனவரியில் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழில் ஒரு சினிமாக் கட்டுரை வந்தது. படம் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’. செத்துப்போனவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்னும் கதை. எழுதியவருக்கு 26 வயது. திரையைப் பார்த்ததைவிட அதிகமாக அவர் அரங்கைப் பார்த்திருந்தார். பேட்டைத் தியேட்டர், மதியக் காட்சி. பேய்ப் படம் என்றால் கூச்சல் போடலாம், பயந்த மாதிரி நடித்துச் சிரிக்கலாம் என்று வந்த சின்னப் பிள்ளைகள்தான் கூட்டத்தில் பெரும்பகுதி. பெற்றோர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வயது பார்த்துச் சான்றிதழ் தரும் முறை அமெரிக்காவில் அப்போதுதான் தொடங்கியிருந்த நேரம். முதலில் கூச்சல் இருந்தது. போகப் போக அது அடங்கியது. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒன்பது வயது இருக்கலாம், ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

கட்டுரையில் இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு என்று பகுத்து அலசும் வேலை இல்லை. இதை விமர்சனம் என்று சொல்லலாமா என்பதே கேள்விதான். ஆனாலும் ரோஜர் ஈபர்ட் யார் என்று யாராவது கேட்டால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். ஒரு விபத்து நடந்த இடத்துக்கு நிருபர் போகிறார். யார் யார் இருந்தார்கள், என்ன ஆயிற்று, யார் அழுதார்கள் என்று குறித்துக்கொண்டு அலுவலகம் திரும்பி, பக்கம் மூடுவதற்குள் எழுதிக் கொடுக்கிறார். ஈபர்ட் போன இடம் இருட்டான அரங்கம். மற்றதெல்லாம் ஒன்றுதான். 1967 ஏப்ரலில் அந்த வேலையில் உட்கார்ந்தவர், 2013 ஏப்ரலில் சாகும்வரை அதே பத்திரிகையில், அதே வேலையில் இருந்தார். 46 வருஷம்.

உலகம் அவரை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. கட்டைவிரல். டிவியில் பால்கனி இருக்கைகள் இரண்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒல்லியாக ஒருவர், குண்டாக ஒருவர், சண்டை போட்டு முடித்ததும் கட்டைவிரலை மேலே தூக்குவார்கள் அல்லது கீழே கவிழ்ப்பார்கள். குண்டானவர் ஈபர்ட். அந்த விரல்தான் அவருக்குப் பணமும் பேரும் கொடுத்தது. அவர் செய்த காரியங்களிலேயே மிகவும் எளிய காரியமும் அதுதான் என்பது என் எண்ணம்.

இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்ற சிற்றூரில் 1942இல் பிறந்தார். அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அப்பா அதில் எலக்ட்ரீஷியன். மின்கம்பி வேலைக்காக ஆங்கிலத் துறைக்குப் போனபோது பேராசிரியர்கள் மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டு, பைப் புகைத்துக்கொண்டு, புத்தகம் படித்துக்கொண்டிருந்ததை மகனிடம் சொல்லி, உனக்கு ஏற்ற வேலை அதுதான் என்றாராம். தன் தொழிலை மகன் கற்றுக்கொள்வதை அவர் விரும்பவில்லை. மகனும் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கத்தான் சிகாகோ வந்தார். ஆனால் அதற்கு முன்பே பத்திரிகை மை அவர் விரலில் ஒட்டிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வயதில், 15இல், உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதினார். கல்லூரியில் மாணவர் நாளிதழின் ஆசிரியர். அந்த மாணவர் நாளிதழும் சாதாரணமானதில்லை. சொந்த அச்சகத்தோடு ஊர் முழுக்க வாசிக்கப்பட்ட பத்திரிகை.

கென்னடி சுடப்பட்ட வாரம் அது அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் கென்னடியின் படம். எதிர்ப் பக்கத்தில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கான விளம்பரம். அதில் பழங்கால யாத்ரீகர் ஒருவர் துப்பாக்கி பிடித்து நிற்கிறார். பக்கத்தை விரித்தால் துப்பாக்கியின் முனை கென்னடியின் தலையைக் குறிபார்க்கிறது. 21 வயது ஆசிரியர் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அச்சகத்தில் வாதம் வந்தது. நிறுத்தினார். சினிமாவில் ‘ஷாட்’டுக்குப் பக்கத்தில் ‘ஷாட்’ வைத்தால் என்ன அர்த்தம் பிறக்கும் என்று பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் அவர் பாடம் எடுத்தார். முதல் பாடம் அச்சகத்திலேயே நடந்திருக்கிறது.

1966இல் ‘சன்-டைம்ஸ்’ அவரை நிருபராக எடுத்துக்கொண்டது. ஆறேழு மாதத்தில் அங்கே சினிமா எழுதிக்கொண்டிருந்த பெண்மணி வேலையை விட்டார். ஈபர்ட் கேட்கவே இல்லை, கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நாளிதழ்களில் அந்த நாற்காலிக்கு அன்று பெரிய மரியாதை கிடையாது. எதிர்த் தெருவின் ‘சிகாகோ ட்ரிப்யூ’னில் பல காலம் ‘மே டினீ’ என்ற பெயரில் சினிமா விமர்சனம் வந்துகொண்டிருந்தது. அப்படி ஓர் அம்மாள் பூமியில் இல்லை. ‘மேட்டினி’யைப் பிளந்து செய்த பெயர். அலுவலகத்தில் யார் அன்றைக்குப் படம் பார்த்தாரோ அவர் மே டினீ. சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவில் போகிற மேட்டருக்கு ஆளின் பெயர் எதற்கு?

அந்த வருஷமே காற்று திரும்பியது. 1967 ஆகஸ்டில் ‘பானி அண்ட் கிளைட்’ வந்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் பல ஆண்டுகளாகச் சினிமாவுக்குத் தீர்ப்பு எழுதிவந்த போஸ்லி கிரௌதர் அதைக் கிழித்துப் போட்டார். கொலைகாரர்களை வேடிக்கையாகக் காட்டுகிறது என்பது அவர் கோபம். ‘நியூஸ்வீக்’ விமர்சகர் ஜோ மார்கன்ஸ்டர்ன் முதலில் திட்டிவிட்டு, மறுபடி போய்ப் பார்த்து, அடுத்த வாரமே தான் சொன்னது தவறு என்று அச்சில் ஒப்புக்கொண்டார். (இது எவ்வளவு அபூர்வம் என்று பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.) போலின் கேல் ‘நியூயார்க்க’ரில் நீண்ட கட்டுரை எழுதி அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தினார். கிரௌதரின் நாற்காலி சில மாதங்களில் வேறொருவருக்குப் போனது. இந்தக் களேபரத்தில் சிகாகோவின் தொழிலாளர் பத்திரிகையில், வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆன 25 வயதுப் பையன் அதற்கு நான்கு நட்சத்திரம் கொடுத்து, பிற்பாடு இந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கிறவர்கள் இந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள் என்று அடித்துச் சொன்னான். அதே வருஷம் நவம்பரில் சிகாகோ திரைப்பட விழாவில் முகம் தெரியாத நியூயார்க் இளைஞன் ஒருவனின் முதல் படத்தைப் பார்த்துவிட்டு அதையும் கொண்டாடி எழுதினான். அந்த இளைஞன் மார்ட்டின் ஸ்கார்சஸி.

‘சன்-டைம்ஸ்’ சின்ன அளவுத் தாள். பஸ்ஸிலும் ரயிலிலும் விரித்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் இடிக்காது. வேலைக்குப் போகிறவர்களின் பத்திரிகை. ஈபர்ட்டின் வாக்கியம் அந்த அளவுக்கு வெட்டப்பட்டது. போலின் கேலின் கட்டுரைகளைப் படித்தால் மழையில் நனைகிற மாதிரி இருக்கும். அவர் கட்டுரைகளுக்கு வார இதழில் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. ஈபர்ட்டுக்கு ஒரு பத்தி, சில நாள் ஒன்றரைப் பத்தி. அதற்குள் கதையைச் சொல்ல வேண்டும், கெடுக்கக் கூடாது, தனக்கு என்ன நேர்ந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். மிக வேகமாக எழுதுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு அரட்டைக்குக் கிளம்பிவிடுவாராம். ஒரு படம் எதைப் பற்றியது என்பதைவிட அதை எப்படிச் சொல்கிறது என்பதே முக்கியம் என்பது அவர் வைத்திருந்த ஒரே கோட்பாடு.

நட்சத்திர மதிப்பெண்ணிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சூப்பர்ஹீரோ படத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டால் அது மற்ற சூப்பர்ஹீரோ படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டது. பெர்க்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அல்ல. இட்லிக் கடையில் போய் பிரியாணி நன்றாக இல்லை என்று எழுதக் கூடாது. இதைப் பலரும் அவருடைய தாராளம் என்றார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் நானும் ஒரு நாளிதழின் சினிமாப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். வியாழக்கிழமை மாலை பிரஸ் ஷோ. வடை, காபி, வாசலில் கைகுலுக்கத் தயாரிப்பாளர். ‘முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதியில் கத்திரி போட்டிருக்கலாம், ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை பலம்.’ படம் பார்க்கும் முன்பே இதை எழுதி வைத்துவிடலாம். நான் சில தடவை எழுதி வைத்தும் இருக்கிறேன். முழுப்பக்க விளம்பரம் வந்திருக்கும் படத்துக்கு ‘கத்திரி போட்டிருக்கலாம்’ என்பதும் கத்திரிக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடையொன்றில் ஈபர்ட்டின் ‘மூவி ஹோம் கம்பானியன்’ என்ற தடித்த தொகுப்பு கிடைத்தது. அதில் இருந்த படங்களில் பத்தில் ஒன்றைக்கூட நான் பார்த்தவனில்லை. ஆனாலும் ராத்திரி ராத்திரியாக அகராதி வரிசையில் படித்தேன். பார்க்காத படத்தின் விமர்சனத்தை ஒருவன் ஏன் படிக்க வேண்டும்? பரிந்துரை வேண்டி அல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வருகிற பெரியப்பா ஊரில் நடந்ததைச் சொல்வார் இல்லையா, அந்த ஊர் நமக்குத் தெரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருப்போம். அப்படி.

திட்டு வாங்கிய படங்களின் விமர்சனங்கள்தான் அதிகம் பரவின. 1994இல் ராப் ரெய்னர் இயக்கிய ‘நார்த்’ படத்துக்கு எழுதியதில் ‘வெறுத்தேன்’ என்ற சொல்லை அடுக்கிக்கொண்டே போனது பிரசித்தம். பின்னால் அதையே ஒரு புத்தகத்தின் தலைப்பாக்கிவிட்டார். 2003 கான் விழாவில் வின்சென்ட் காலோவின் ‘தி பிரவுன் பன்னி’யை அந்த விழாவின் சரித்திரத்திலேயே மோசமான படம் என்றார். காலோ பதிலுக்கு அவர் உடம்பைப் பழித்தார். குடலில் புற்றுநோய் வரட்டும் என்று சாபமும் போட்டார். குடலுக்குள் குழாய் விட்டு எடுத்த படத்தை நானே டாக்டரிடம் பார்த்தேன், அது இந்தப் படத்தைவிடச் சுவாரஸ்யம் என்று ஈபர்ட் திருப்பிக் கொடுத்தார். இதுவரை குழாயடிச் சண்டை. ஆனால் காலோ படத்தில் 26 நிமிஷம்போல வெட்டியெறிந்து மறுபடி வெளியிட்டார். ஈபர்ட் மறுபடி போய் உட்கார்ந்து பார்த்தார். மூன்று நட்சத்திரம் போட்டார். வெட்டிய இடங்கள் படத்துக்கு என்ன செய்திருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினார். ‘கத்திரி போட்டிருக்கலாம்’ என்று எழுதுகிற நம்மில் எத்தனை பேர், கத்திரி போட்ட பிறகு போய்ப் பார்க்கிறோம்?

ராப் ஷ்னைடர் என்ற சிரிப்பு நடிகர் தன்னைக் கிண்டல் செய்த வேறொரு பத்திரிகையாளரை, நீ புலிட்சர் பரிசு வாங்கினவனா என்று விளம்பரம் கொடுத்துக் கேட்டார். நான் வாங்கியிருக்கிறேன், ஆகவே எனக்குத் தகுதி உண்டு, உன் படம் குப்பை என்று எழுதினார் ஈபர்ட். 1975இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் சினிமா விமர்சகர் அவர். சில காலம் கழித்து ஈபர்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஷ்னைடரிடமிருந்து பூங்கொத்து வந்தது. படம் மோசமாக இருக்கலாம், மனுஷர் நல்லவர் என்று ஈபர்ட் அதையும் எழுதினார்.

அவர் சறுக்கிய இடங்களும் உண்டு. 1986இல் டேவிட் லிஞ்சின் ‘புளூ வெல்வெட்’டுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். படம் இன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்தைப் படித்தால் சட்டென்று ஒதுக்க முடியவில்லை. இசபெல்லா ராசெல்லினியை அவமானத்தின் உச்சிவரை கொண்டுபோய் நிற்கவைத்துவிட்டு, உடனே அதைச் சிறுநகரக் கிண்டலாக மாற்றிப் படம் நழுவிக்கொள்கிறது. ஒரு நடிகை அவ்வளவு கொடுக்கும்போது அவளுக்குப் படம் தர வேண்டிய கௌரவத்தைத் தரவில்லை என்றார். தீர்ப்பு தவறு, காரணம் சரி என்று எனக்குப் படுகிறது. அங்கேயும் அவர் பார்த்தது யார் அழுதார்கள் என்பதைத்தான். வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாக முடியாது என்று பிடிவாதம் பிடித்ததற்கு இப்படி ஒரு சமாதானமும் சொல்ல வழியில்லை. ஒன்றிரண்டைத் தவிர விளையாடிப் பார்க்காமலே எழுதினார். நிருபர் செய்யக் கூடாத காரியம்.

அதேபோல 1970இல் இயக்குநர் ரஸ் மேயருக்காக ‘பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ்’ என்ற கிளுகிளுப்புப் படத்துக்கு ஆறு வாரத்தில் திரைக்கதை எழுதிக் கொடுத்தார். விமர்சகர் மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தது சரியா என்று கேட்டவர்கள் உண்டு. நட்சத்திரங்களோடு அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. அவர்களோடு குடித்தார், பேட்டி எடுத்தார், பிறகு அவர்கள் படத்தை விமர்சித்தார். இன்றைய அளவுகோலில் இது உதைக்கும். பத்தியாளர் வாழ்க்கை அன்று அப்படித்தான் இருந்தது. பக்கம் முடிந்ததும் நார்த் அவென்யூவில் ஓரூர்க்ஸ் மதுக்கடை. நிருபர்கள், கவிஞர்கள், போலீஸ்காரர்கள், கடன்காரர்கள். ஈபர்ட் விடியவிடிய அங்கே கதை சொல்வார். 1979இல் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை.

இங்கேதான் ‘லா டோல்சே வீட்டா’ வருகிறது. ஃபெலினியின் 1960ஆம் வருஷத்துப் படம். கதாநாயகன் மார்ச்செல்லோ என்ன வேலை பார்க்கிறான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்திரிகையில் கேளிக்கைச் செய்தி எழுதுகிறவன். நடிகைகளின் பின்னால் ரோம் நகரத் தெருக்களில் இரவெல்லாம் அலைகிறவன். ஒருநாள் நல்லதாக ஒன்று எழுதுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவன். ஈபர்ட் இந்தப் படத்தைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்த கதையை எழுதியிருக்கிறார். சிற்றூர்ப் பையனாகப் பார்த்தபோது அந்த வாழ்க்கைதான் அவர் கனவு. 1970 வாக்கில் பார்த்தபோது அவரே அதை வாழ்ந்துகொண்டிருந்தார். சிகாகோ ரோம் அல்ல என்பது மட்டும்தான் வித்தியாசம். 1980 வாக்கில், குடியை நிறுத்தியபின், மார்ச்செல்லோ சிக்கிக்கொண்ட ஆளாகத் தெரிந்தான். 1991இல் கொலராடோவில் மாணவர்களோடு அந்தப் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இருட்டில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று குரல் கொடுக்கலாம், நிறுத்திய இடத்தில் பேசலாம், அதுதான் அந்த வகுப்பின் விதி. அப்போது மார்ச்செல்லோ தன்னைவிட மிகச் சின்னவன். அவன்மேல் இரக்கமும் பிரியமும் வந்தன. படம் அங்கேயே இருக்கிறது. பார்க்கிற ஆள்தான் வயதாகி வயதாகி அதன் முன்னால் வந்து உட்காருகிறார்.

நாளிதழில் எழுதுவதன் பலம் இதில்தான் இருக்கிறது. வாசகரும் கூடவே வயதாகிறார். 1967இல் பஸ்ஸில் அவரைப் படித்த வாலிபர் 1991இல் பேரன் எடுத்திருப்பார். ஒரு விமர்சனத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆள் வருவார் என்பது தெரிந்தால் போதும். வாஷிங்டனிலிருந்து பெரிய பத்திரிகை கூப்பிட்டபோது, இன்னோர் ஊரின் தெருக்களைப் புதிதாகக் கற்றுக்கொள்ள மனமில்லை என்று சொல்லிவிட்டதாக நண்பர்கள் நினைவுகூர்கிறார்கள். 1984இல் ரூபர்ட் முர்டோக் ‘சன்-டைம்ஸ்’ பத்திரிகையை வாங்கியபோது ஊரின் ராஜபத்தியாளர் மைக் ராய்க்கோ எதிரே இருந்த ‘ட்ரிப்யூ’னுக்குப் போய்விட்டார். ஈபர்ட் தங்கினார்.

‘ட்ரிப்யூ’னில் மே டினீக்குப் பின் சொந்தப் பெயரில் எழுத வந்தவர் ஜீன் சிஸ்கெல். யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர், ஒல்லி, சூதாட்டப் பிரியர். இருவரும் லிஃப்டில் சந்தித்தால்கூடப் பேசிக்கொள்ளாத பகைவர்கள். 1975இல் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி இந்தப் பகையைப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தது. பெயரை எந்த வரிசையில் போடுவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள்; சிஸ்கெல் ஜெயித்தார். 23 வருஷத்துக்கு மேல் அந்தச் சண்டை ஓடியது. இரண்டு விரலும் மேலே என்றால் சுவரொட்டியில் போட்டுக்கொள்வார்கள். 1990இல் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் ‘ஃபிலிம் கமென்ட்’ இதழில், சினிமா விமர்சனத்தைக் கட்டைவிரல் தின்றுவிட்டது என்ற அர்த்தத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஈபர்ட் அதே இதழில் பதில் எழுதினார். என்னைக் கேட்டால் கார்லிஸ் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த விரல் இல்லாவிட்டால் செல்லப்பிராணிகளின் கல்லறைகளைப் பற்றி எரல் மாரிஸ் எடுத்த ‘கேட்ஸ் ஆஃப் ஹெவன்’ ஆவணப்படத்தை ஒரு கிராமத்து அமெரிக்கர் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. 1994இல் ‘ஹூப் ட்ரீம்ஸ்’, சிகாகோவின் இரண்டு கறுப்பினப் பையன்கள் கூடைப்பந்தை நம்பி வளர்ந்த மூன்று மணி நேர ஆவணப்படம், விநியோகஸ்தர்கூடக் கிடைக்காமல் சன்டான்ஸ் விழாவில் நின்றபோது இருவரும் அதை டிவியில் தூக்கிப் பிடித்தார்கள். எடுத்தவர் ஸ்டீவ் ஜேம்ஸ். 20 வருஷம் கழித்து அவரேதான் ஈபர்ட்டைப் பற்றிய ‘லைஃப் இட்செல்ஃப்’ படத்தையும் எடுத்தார்.

சிஸ்கெல் மூளைக் கட்டியால் 1999இல் இறந்தார். 53 வயது. நோயின் கடுமையை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லவில்லை. ஈபர்ட்டுக்கு அது தீராத வருத்தம். தனக்கு அப்படி வந்தால் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

வந்தது. 2002இல் தைராய்டில், அடுத்த வருஷம் உமிழ்நீர்ச் சுரப்பியில், 2006இல் தாடை எலும்பில். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்ப மூட்டை கட்டியாகிவிட்டது. போகும் முன் லெனார்ட் கோஹன் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கொஞ்சம் தாமதித்த அந்தச் சில நிமிஷத்தில் கழுத்துத் தமனி வெடித்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்ததால் பிழைத்தார். அதன் பின் பேச்சு போனது. சாப்பாடு போனது. தண்ணீர் போனது. வயிற்றில் குழாய். கீழ்த்தாடை இல்லாத முகத்தை 2010இல் ‘எஸ்க்வயர்’ பத்திரிகையில் முழுப்பக்கத்துக்குப் போட அனுமதித்தார்.

அதே வருஷம் அவர் சமையல் புத்தகம் ஒன்று வெளியிட்டார். எதைப் பற்றி? ரைஸ் குக்கர். நம் வீட்டில் ஓரமாக உட்கார்ந்து ஆவி விடுகிற அதே பாத்திரம். அதில் என்னென்ன சமைக்கலாம் என்று, ஒரு வாய் சோறு இனி இறங்காது என்று தெரிந்தவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். சாப்பாட்டைவிடச் சாப்பாட்டு மேஜைப் பேச்சுத்தான் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று வேறோர் இடத்தில் எழுதினார்.

பேச்சு போன பின்பு டிவிக்காரர் போய்விட்டார். விரலும் போனது. மீந்தது பழைய நிருபர்தான். எடின்பரோவின் ஒரு நிறுவனம் அவர் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவருடைய குரலையே கணினிக்குக் கற்றுக்கொடுத்தது, கேட்டுச் சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் நிஜமாகப் பேசியது விசைப்பலகையில். படம் மட்டுமல்ல, அப்பா, குடி, கடவுள், லண்டன் தெருக்கள், சாவு என்று எழுதித் தள்ளினார். மனைவி சாஸ் அவரைத் தியேட்டருக்கு அழைத்துப் போவார். 2012இல் மட்டும் 306 விமர்சனங்கள். அவர் வாழ்க்கையில் எந்த வருஷமும் அவ்வளவு எழுதியதில்லை.

2013 ஏப்ரல் 2 அன்று, நோய் திரும்பிவிட்டது, இனிமேல் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், பிடித்த படங்களை மட்டும் எழுதுகிறேன் என்று வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதினார். விடுப்பு விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும். ஏப்ரல் 4 அன்று இறந்தார். டெரன்ஸ் மாலிக்கின் ‘டு த வொண்டர்’ பற்றி அவர் எழுதிக் கொடுத்திருந்த விமர்சனம் 6ஆம் தேதி பத்திரிகையில் வந்தது. மூன்றரை நட்சத்திரம்.

அடுத்த மாதம் ‘சன்-டைம்ஸ்’ தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் அத்தனை பேரையும், 28 பேர், ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. ஆற்றங்கரையில் ஈபர்ட் தட்டச்சு செய்த பழைய அலுவலகக் கட்டடம் அதற்கும் முன்பே இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ட்ரம்ப் பெயரில் ஒரு கோபுரம் நிற்கிறது.

அவர் பிறந்த ஊருக்கு ஒட்டினாற்போல் ஷாம்பெயின் என்ற ஊர். அங்கே வர்ஜினியா தியேட்டர் என்ற பழைய அரங்கில்தான், யாரும் கவனிக்காமல் விட்ட படங்களுக்காக அவர் 1999 முதல் வருஷா வருஷம் விழா நடத்தினார். 2014இல் அதன் வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மூன்று தியேட்டர் இருக்கைகள், நடுவில் அவர். கையில் பேனா இல்லை. கட்டைவிரலைத்தான் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்து இருக்கைகளும் காலி. படம் பார்க்க வருகிறவர்கள் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்.